டேங்குக்குள் கிடந்த வேட்டித் துண்டு

என் தங்கையின் கணவருக்குத் தொழில் தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் வாய் தவறி வந்த பேச்சு அல்ல. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, நிதானமாக, வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அதனால் அவருக்குக் கிடைக்க இருந்த வேலை போயிற்று. என் கார் நடுரோட்டில் நின்றதால் வந்த பேச்சு அது. கார் நின்றதற்குக் காரணம் அவரல்ல, நான். இதை நான் வாய்திறந்து சொல்ல ஐந்தரை வருஷம் ஆனது.

கார் அப்பாவுடையது. அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தபோது வாங்கினார். உருண்டை முகப்பு, வெளிறிய கிரீம் நிறம், வெயிலில் சுடும் இரும்புக் கைப்பிடிகள். 2004-இல் அப்பா போனதும் வீட்டை விற்றோம். பாத்திரம் பண்டமெல்லாம் தங்கைக்கு, கார் எனக்கு என்று ஆயிற்று. நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் ஆசிரியராக இருந்தேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் எப்படிப் போகிறது என்று முப்பது வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். என் கையால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை.

தங்கையின் கணவர் கடலூர் முதுநகரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கார் பட்டறை வைத்திருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்ள என்பேன். பேச்சில் ஒரு நாளும் மரியாதை குறைந்ததில்லை. மனசுக்குள் மட்டும், இவர் படிக்காதவர் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது.

இரண்டு வருஷம் ஓடாமல் நின்ற காரை 2006 கோடையில் அவருடைய பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். முதல் வேலையாக டேங்கை இறக்கினார். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு கை பழைய நட்டுகளைப் போட்டு மூடி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஆட்டினோம்.

"தூளி ஆட்டுற மாதிரி ஆட்டுங்க மச்சான். பரீட்சையில ஃபெயில் ஆனவன ஆட்டுற மாதிரி ஆட்டாதீங்க."

கவிழ்த்தபோது செங்காவி நிறத்தில் துரு கொட்டியது. "டீ ரெடி," என்றார். ஏழெட்டு முறை அப்படிக் கழுவிய பிறகுதான் மண்ணெண்ணெய் தெளிந்து வந்தது. டேங்குக்குள் இறங்கும் குழாயின் நுனியில் பித்தளைக் கம்பியில் பின்னிய சின்ன வலை ஒன்று இருக்கும். அதுதான் டேங்க் ஃபில்டர். அது நைந்துபோயிருந்தது. புதிது கிடைக்கவில்லை. வேறொரு வண்டியின் வலையை வெட்டி, அளவு பார்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

பிறகு பம்ப். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி அளவுக்கு இருக்கும். மெக்கானிக்குகள் அதை ஏசி பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உள்ளே டயாஃப்ரம் என்கிற மெல்லிய தோல் மேலும் கீழும் ஆடி, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே தள்ளும். பம்போடு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் உண்டு. வழியில் வரும் தூசு அதில் தங்கிவிடும். தோலை மாற்றி, வால்வுகளைத் தேய்த்து, கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார். எஞ்சினைக் கிளப்பி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்பின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று, உள்ளே வெற்றிடம் எப்படி உண்டாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்றதும் புரியுது மச்சான். கொஞ்சம் இருங்க, அதுவும் ஏதோ சொல்லுது."

காரை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "பெட்ரோல பங்க்குக்கே போய்ப் போடுங்க. கேன்ல வாங்கி ஊத்தாதீங்க. கேன்ல இருக்குற குப்பையெல்லாம் உள்ள போயிடும். ரொம்ப அவசரம்னா வேட்டித் துணிய நாலா மடிச்சி, புனல்ல கட்டி ஊத்துங்க. கட்டணும், சும்மா வெச்சி ஊத்தக் கூடாது."

அந்தச் சமயத்தில் புவனகிரிப் பக்கம் புதிதாக ஒரு பாலிடெக்னிக் தொடங்கியிருந்தார்கள். அதன் தாளாளர் எனக்குப் பழக்கம். ஆட்டோமொபைல் பட்டறையைப் பார்த்துக்கொள்ளவும், மாணவர்களுக்குக் கைவேலை சொல்லித்தரவும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். மாப்பிள்ளையின் பெயரை நான்தான் சொன்னேன். அதுவரை நல்லவனாகத்தான் இருந்தேன்.

தங்கைக்கு நிலைகொள்ளவில்லை. "அந்தக் கேட்டுப் புழுதியிலேருந்து அவரு வெளிய வந்தா போதும்ண்ணே," என்றாள். மாப்பிள்ளை உடைந்த பழைய பம்ப் ஒன்றை ஹாக்சாவால் நெடுக இரண்டாக அறுத்து, ஓரத்தை அரத்தால் மழித்து, உள்ளே தோலும் ஸ்பிரிங்கும் வால்வும் தெரிகிற மாதிரி செய்து வைத்திருந்தார். விரலால் அழுத்தினால் எல்லாம் அசையும்.

"எதுக்கு மாப்ள இது?"

"பசங்களுக்குக் காட்டலாம்னு. போர்டுல வரைஞ்சா அசையாது இல்ல."

என்னைச் சொல்கிறாரோ என்று ஒரு நொடி சுருக்கென்றது. அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

தாளாளர் ஒரு யோசனை சொன்னார். "உங்க காரைச் செஞ்சதும் அவருதானே? ஞாயித்துக்கெழம அதுலயே கடலூர் போயி பட்டறைய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம். கார் ஓடுனா ஆளு பாஸு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை காரைத் துடைக்கும்போது பார்த்தால் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. பங்க் வரை போகப் போதுமோ போதாதோ என்று சந்தேகம். சைக்கிளில் போய்க் கேனில் வாங்கி வந்தேன். கார் துடைப்பதற்கென்று அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் கிழித்தேன். அந்தத் துண்டின் மூலையில், எங்கள் வீட்டுக்குத் துணி வெளுத்தவர் சேராங்கொட்டை மையால் போட்ட குறி இருந்தது. ஒரு கோடு, அதன்மேல் மூன்று புள்ளி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் துணிகளுக்கெல்லாம் அதுதான் அடையாளம். வெளுத்த மூட்டை வந்ததும் மூலை மூலையாகப் பிரித்து, நம் குறி இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வயதில் தங்கையின் வேலை.

கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னது நினைவிருந்தது. கயிறு தேடி உள்ளே போகச் சோம்பல். துணியை டேங்க் வாயில் விரித்து, அதன்மேல் புனலை அழுத்தி ஊற்றினேன். முடிந்ததும் புனலை எடுத்தேன். துணி வரவில்லை. நனைந்து கனத்துப் போய் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விரலை விட்டேன். விரல் பட்டதும் இன்னும் நழுவி உள்ளே விழுந்துவிட்டது.

கம்பியை வளைத்து விட்டுத் துழாவினேன். அரைமணி நேரம் போயிற்று. ஒன்றும் சிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருந்தால் மொபெட்டில் வந்து மதியத்துக்குள் எடுத்துக் கொடுத்திருப்பார். போனைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தார். கட்டணும், சும்மா வைக்கக் கூடாது. இயந்திரவியல் வாத்தியாருக்கு அதுகூடச் செய்ய வரவில்லை என்று பட்டறையில் பேசிச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. டேங்க் பெரிது, துணி ஏதாவது மூலையில் கிடக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளாளரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை கார் அருமையாக ஓடியது. புதுச்சத்திரம் நெருங்கும்போது இரண்டு இருமல் இருமி நின்றது.

"என்னா சார், வண்டிக்கும் டீ குடிக்கணுமா?" என்றார் தாளாளர்.

பத்து நிமிஷம் பொறுத்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது. ஆலப்பாக்கத்தில் மறுபடி நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச, துணி மெல்ல நகர்ந்து வந்து குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் வராமல் எஞ்சின் நிற்கிறது. நின்றதும் உறிஞ்சுவது நின்று, துணி நழுவி விழுந்துவிடுகிறது. அழகான பாடம். கரும்பலகை இருந்தால் அங்கேயே வரைந்திருப்பேன்.

தாளாளர் பக்கத்தில் இருந்ததால் மாப்பிள்ளைக்குப் போன் செய்தே ஆகவேண்டியதாயிற்று. மொபெட்டில் வந்தார். அன்றைக்கென்று புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தாளாளருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். பம்பைக் கையால் அடித்துப் பார்த்தார், பெட்ரோல் பீய்ச்சியது. குழாயைக் கழற்றி டேங்கை நோக்கி வாயால் ஊதினார். குபுகுபுவென்று சத்தம் வந்தது.

"லைன் கிளியரா இருக்கு சார். பம்பும் சுத்தமா இருக்கு."

"அப்புறம் ஏன்யா நிக்குது?"

"அதான் சார் புரியல."

தெரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் மெக்கானிக் எத்தனை பேர் இருக்கிறார்கள். இன்னொருவராக இருந்திருந்தால் ஏதோ ஒரு சாமானின் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பார்.

அவர் பின்னால் மொபெட்டில் வர, கார் காரைக்காடு வரை போய் மூன்றாம் முறையாக நின்றது. மறுபடி திறந்தார், ஊதினார். சட்டையில் கரி. வாய்க்குள் பெட்ரோல். துப்பிவிட்டு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"மச்சான், கேன்ல ஏதாவது வாங்கி ஊத்துனீங்களா?"

சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தாளாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையே மாப்ள. பங்க்லதான் போட்டேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வாய் கொப்பளிக்கச் சாலையோரத்து அடிபம்புக்குப் போனார். காருக்குள் தாளாளர் என் பக்கம் திரும்பினார்.

"சார், சொந்தக்காரருன்னு பாக்காம உள்ளதச் சொல்லுங்க. ஆளு எப்படி?"

"கைப்பழக்கம் உண்டு," என்றேன். "சிக்கலான வேலைன்னா திணறுவார். பசங்களுக்குச் சொல்லித்தர்ற அளவுக்குத் தொழில் தெரியாது."

அடிபம்பில் மாப்பிள்ளை குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற பின் அந்தப் பாலிடெக்னிக்குக்கு முதல்வராக வரவேண்டும் என்று தாளாளர் இரண்டு முறை சொல்லியிருந்தார். கேனில் பெட்ரோல் ஊற்றத் தெரியாதவனை யார் முதல்வர் நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்ற பயமும் அப்போது எனக்குள் இருந்தது.

பட்டறையைப் பார்க்காமலே தாளாளர் தன் காரை வரவழைத்துத் திரும்பிப் போனார். இரண்டாக அறுத்த அந்தப் பம்பை அவர் பட்டறை மேசையில் ஒரு துணி விரித்து வைத்திருந்ததாகப் பிறகு தங்கை சொன்னாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் மாப்பிள்ளை சிதம்பரம் வந்தார். நான் கூப்பிடவில்லை. அவரால் பொறுக்க முடியவில்லை. முதல் வாரம் தோலை மாற்றினார். அடுத்த வாரம் வால்வை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கார் நாலைந்து மைல் ஓடி நின்றது. மூன்றாவது வாரம் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதிலிருந்து எதையோ விரல் நுனியில் எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"டேங்க எறக்கிப் பாத்துடலாம் மச்சான்."

"எத்தனை தடவை இறக்குவீங்க மாப்ள? உங்களுக்குப் பிடிபடலைன்னா உட்டுடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டுக் கையை நிதானமாகக் கழுவினார். "சரி மச்சான்," என்றார். அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் தள்ளிப் பூட்டினேன்.

தாளாளரின் டிரைவர் முதுநகர்க்காரர். நடந்த கதை அவர் மூலம் ரயில்வே கேட்டு டீக்கடைக்குப் போயிற்று. "மச்சான் காரையே ஓட வெக்கத் தெரியல, நம்ம கார ஓட வெச்சிடுவானா?" என்று பேசிக்கொண்டார்களாம். வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார்கள். வேடிக்கை நிலைத்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். இரண்டு வருஷத்தில் கொட்டகையைப் பிரித்தார். சேத்தியாத்தோப்பில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கும் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்தார்.

"ரோட்டுல ஒரு வண்டி நின்னு கெடந்தாக்கூடத் திரும்பிப் பாக்கறதில்லண்ணே," என்று தங்கை போனில் சொன்னாள். "முன்னல்லாம் பஸ்ஸ உட்டு எறங்கி ஓடுவாரு."

2008-இல் நான் முதல்வரானேன். என் அறையிலிருந்து பார்த்தால் ஆட்டோமொபைல் பட்டறையின் வாசல் தெரியும். அந்த வேலைக்கு வந்தவர் நல்லவர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜன்னலை மட்டும் மூடியே வைத்திருந்தேன். மூன்று வருஷம் அப்படி இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

2011 முடியும்போது அந்தப் புயல் வந்தது. கடலூரில் மரம் என்று எதுவும் நிற்கவில்லை. தங்கை வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இருவரையும் சிதம்பரத்துக்கு வரச்சொன்னேன். என் மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போயிருந்தாள், வீடு வெறுமையாக இருந்தது. பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான். தெருவில் ஒரு வீட்டிலும் சுண்ணாம்பு வாசனை இல்லை. கரும்பும் வாழையும் வயலிலேயே படுத்துக்கிடந்தன.

அவர்கள் வீட்டில் நனையாமல் தப்பிய சாமான்களைக் கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. எல்லா வண்டியும் நிவாரண வேலைக்குப் போயிருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தங்கைதான் சொன்னாள்.

"பின்னாடி அப்பா கார் சும்மாதானே நிக்குது."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேங்கை இறக்குங்க மாப்ள," என்றேன்.

இதுதான் நான் முதலில் செய்த பரிகாரம். அதிலும் கோழைத்தனம் இருந்தது. நான் வாயால் சொல்லவேண்டியதை டேங்க் சொல்லட்டும் என்று விட்டேன்.

பக்கத்து வீட்டில் கருவிகள் இரவல் வாங்கி வந்தார். தங்கை அடுப்படியில் இருந்தாள். ஐந்தரை வருஷம் நின்ற டேங்க் மெல்ல இறங்கியது. மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாசனை அடித்தது. உள்ளே பெட்ரோல் வற்றி, அடியில் தேன்பாகு மாதிரி பழுப்பாக உறைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டு, இரண்டே சுற்றில் இழுத்தார். அன்று நான் அரைமணி நேரம் துழாவியது நினைவுக்கு வந்தது.

துணி விறைத்துப்போய் வெளியே வந்தது. மண்ணெண்ணெய் டின்னில் அதை முக்கிக் கசக்கினார். பழுப்பு கரைந்து நூல் தெரிந்தது. மூலையில் ஒரு கோடு, மூன்று புள்ளி. மை கொஞ்சமும் கலையவில்லை. அவர் துணியைத் திருப்பி, குறி அடியில் போகும்படி மடித்துத் தரையில் வைத்தார்.

"மாப்ள," என்றேன்.

"தெரியும் மச்சான்."

"எப்போ?"

"அந்த மூணாவது ஞாயித்துக்கெழம. கண்ணாடிக் கிண்ணத்துல ஒரு நூலு கெடந்துச்சி. வெள்ள நூலு. டேங்க எறக்கலாம்னேன், வேணாம்னீங்க. அப்பவே புரிஞ்சிபோச்சி."

"ஏன் என்னைக் கேக்கல?"

"ரோட்டுல ஒரு தடவ கேட்டனே மச்சான்."

குரலில் கோபம் இல்லை. குழாயின் நுனியில் இருந்த வலையை, அவர் கையால் ஈயம் வைத்த அந்த வலையை, பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்ல வேணாம்," என்றார். "இதோட கெடக்கட்டும்."

அப்போது தங்கை காபியோடு வந்தாள். டம்ளர்களை வைக்கக் குனிந்தவள், தரையில் கிடந்த துணியைக் கை துடைக்கிற துணி என்று நினைத்து எடுத்து உதறினாள். மூலை அவள் கையில் விரிந்தது. எத்தனை மூட்டைகளில் அந்தக் குறியைத் தேடியவள். ஒரு பார்வை போதும்.

"இது அப்பா வேட்டியாச்சே. இது எங்கேருந்து வந்துச்சி?"

"டேங்க்லேருந்து," என்றார் மாப்பிள்ளை. "அப்ப கழுவுறப்ப நாந்தான் உள்ள உட்டுட்டேன் போலருக்கு."

தங்கையின் முகம் மாறியது. "நீங்களா? இதுக்கா அத்தன வருஷம்? நான் எத்தன தடவ கேட்டேன், ஒரு வண்டிய ஓட வெக்கத் தெரியாதான்னு—"

"அவர் இல்ல," என்றேன். "நான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேன், புனல், கட்டாத துணி, ரோட்டில் அவர் கேட்டது, நான் இல்லை என்றது, காருக்குள் தாளாளரிடம் சொன்னது. தாளாளரிடம் சொன்னது மாப்பிள்ளைக்குத் தெரியாது. அதைக் கேட்டபோது மட்டும் பிரஷ் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தார்.

தங்கை அழவில்லை. துணியை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்போம்ண்ணே," என்றாள். கொஞ்சம் கழித்து, "நானும் சேந்து இவர குத்திக் காட்டிட்டனே," என்றாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலை செய்தார். பம்பைப் பிரித்தார், தோலை மாற்றினார், குழாய்களை ஊதினார். முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரைப் பம்பின்மேல் வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் விளக்கவில்லை.

"இனிமே நிக்காது," என்றார்.

காரை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டார். "எனக்கெதுக்கு மச்சான். பஸ்ஸே பழகிப்போச்சி." பொங்கலுக்குத் தங்கைக்கு நான் வைக்கும் வரிசைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் காரில்தான் அவர்களைக் கடலூரில் கொண்டுபோய் விட்டேன். தட்டை மாப்பிள்ளைதான் வாங்கிக்கொண்டார். தங்கை ஓடு மாற்றுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தாளாளரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "விடுங்க சார், அப்ப நடந்தது. இப்ப அந்த வேலைக்கு டிப்ளமோ இல்லாம எடுக்க முடியாது," என்றார். நான் கிளம்பும்போது தன் வீட்டு நார்த்தங்காயில் ஒரு பை கொடுத்தனுப்பினார்.

பொய் பரவிய இடத்திலேயே உண்மையையும் சொல்லவேண்டும் என்று முதுநகர் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். பழைய மெக்கானிக்குகள் நாலைந்து பேர் இருந்தார்கள். என்னை யாரென்று சொல்லிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு.

"வாத்தியாரு டேங்குக்கு வேட்டி கட்டி உட்டுருக்காரு பாரு."

"கட்டலையாம்டா, அதான் அவுந்து விழுந்துடுச்சி."

நான் பயந்த அதே சிரிப்பு. இரண்டு நிமிஷம் இருந்தது. அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை எனக்கு. ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "அப்ப அவரு எதுக்கு சார் கடைய மூடுனாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பேச்சு புயலில் விழுந்த கம்பங்களுக்குப் போய்விட்டது.

டீக்கடையிலிருந்து தங்கை வீட்டுக்குப் போய், அந்த அறுத்த பம்ப் இருக்கிறதா என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் வைக்கச் சொல்லலாம் என்று ஓர் எண்ணம். "கொட்டாய பிரிச்சப்பவே காயலான் கடைக்குப் போட்டுட்டேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. கொல்லைக் கொடியில் அப்பாவின் வேட்டித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. தங்கை எத்தனையோ முறை சோப்புப் போட்டுவிட்டாளாம், பெட்ரோல் வாசனை போகவில்லை என்று அவர்தான் சொன்னார். தங்கை காபி கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை இன்னும் சேத்தியாத்தோப்புக்குத்தான் போய்வருகிறார். என்னோடு எப்போதும் போல மரியாதையாகப் பேசுகிறார். அவராக ஒரு நாளும் கூப்பிடுவதில்லை. தங்கையும் கூப்பிடுவதில்லை.

கார் நன்றாக ஓடுகிறது. வேலை ஒன்றும் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு கடலூர் சாலையில் போகிறேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சத்திரம் நெருங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கவனித்துக் கேட்கிறேன். ஒரு முறை இருமினால் போதும், ஓரமாக நிறுத்தி அவருக்குப் போன் செய்யலாம். பெட்ரோல் எங்கே போட்டீங்க என்று கேட்பார், உண்மையைச் சொல்லலாம். ஆலப்பாக்கம் வருகிறது, காரைக்காடு வருகிறது. அவர் சொன்னபடியே அது நிற்பதில்லை.